தண்டவாளத்தை மாற்றினால் மட்டும் சரக்கு ஓடாது: கடலில்லாத நாடுகளின் ரயில் பாதைகள்

"பழைய ரயில் பாதையைப் புதுப்பிக்கிறார்கள், இனி அந்த நாட்டின் ஏற்றுமதி எங்கேயோ போய்விடும்" என்கிற மாதிரிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. கூடவே ஒரு வரைபடம், அதில் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு இழுத்த ஒரு சிவப்புக் கோடு, எத்தனை கோடி டாலர் என்ற கணக்கு, பணம் போடுவது சீனாவா அமெரிக்காவா என்ற சண்டை. அந்தக் கோட்டில் முன்பு ஓடிக்கொண்டிருந்த சரக்கு ஏன் நின்றது, எதைச் சரிசெய்தால் அது திரும்ப வரும் என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இருக்காது. தண்டவாளம் பழசாகிவிட்டது, புதுசு போட்டால் சரியாகிவிடும் என்று படிப்பவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. பாதிக்கும் குறைவு என்றே சொல்வேன்.

எல்லா நாடுகளையும் இழுத்தால் குழப்பமாகும். ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் சாம்பியாவை மட்டும் முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒரு நாட்டுக்கு என்னென்ன நடக்கலாமோ அத்தனையும் அதற்கு நடந்திருக்கிறது.

## கடல் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

தெருவைப் பார்க்காத ஒரு பின்கட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு வர முன்வீட்டுக்காரர் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். வழிவிட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். ஆனால் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது, வழியில் பள்ளம் விழுந்தால் யார் மண் கொட்டுவது, முன்வீட்டில் சண்டை நடந்தால் நீங்கள் எப்படி வெளியே போவது என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்காது.

நாடுகளுக்கும் அப்படி ஒரு பத்திரம் உண்டு. 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கடற்கரை இல்லாத நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையும் அண்டை நாடுகளின் வழியாகச் சரக்கைக் கொண்டுபோகும் சுதந்திரமும் உண்டு என்கிறது. வழியாகப் போகிற சரக்குக்குச் சுங்க வரி போடக் கூடாது, செய்து கொடுத்த சேவைக்கான கட்டணம் மட்டும் வாங்கலாம். ஆனால் எந்த வழி, என்ன நிபந்தனை என்பதை அந்தந்த நாடுகளே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சிக்கல் எல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

உலகில் இப்படிக் கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் என்று ஐ.நா. பட்டியலிட்டிருப்பவை 32. அவற்றில் பல நாடுகள் செம்பு, இரும்புத்தாது, பருத்தி, தானியம் என்று கனமான, டன் ஒன்றுக்கு ரொம்ப அதிக விலை கிடைக்காத பொருள்களை விற்பவை. விமானத்தில் அனுப்ப முடியாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் அனுப்பினால் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் ரயில்.

## சாம்பியா: 8 அண்டை நாடுகள், ஒரு நல்ல வழி இல்லை

சாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் செம்பிலிருந்து வருகிறது. 1964-இல் சுதந்திரம் கிடைத்தபோது அதன் முக்கிய ரயில் பாதை தெற்கே, வெள்ளையர் ஆட்சியில் இருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போனது. அடுத்த வருடமே ரொடீசியா தன்னிச்சையாகத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது, உறவு கெட்டது, 1973-இல் எல்லை மூடப்பட்டது. மேற்கே காங்கோவின் கட்டங்கா பகுதி வழியாக அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பெங்குவேலா பாதை ஒன்று இருந்தது. 1975-இல் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் வெடிக்க, அதுவும் மூடிக்கொண்டது.

இப்படி ஆகும் என்று பயந்துதான் அதிபர் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும் வடகிழக்கே தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஒரு புதுப் பாதை வேண்டும் என்று மேற்கு நாடுகளின் கதவைத் தட்டினார்கள். லாபம் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து, 1970-இல் தொடங்கி 5 வருடத்தில் பாதையைப் போட்டு, 1976-இல் ஒப்படைத்தது. அதுதான் டாசாரா. மொத்தம் 1,860 கிலோமீட்டர், இரண்டு அரசுகளுக்கும் சரிபாதிச் சொந்தம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தம் புதுப் பாதை வந்து இரண்டே வருடத்தில், 1978-இல், கவுண்டா தான் எதிர்த்துக்கொண்டிருந்த ரொடீசியாவின் தெற்கு வழியை வேண்டா வெறுப்பாகத் திரும்பத் திறந்தார். டாசாராவில் இன்ஜின்கள் போதவில்லை, தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு தேங்கி நின்றது, விதைப்புக்கு முன்னால் உரம் வந்து சேர வேண்டியிருந்தது. தண்டவாளத்தில் ஒரு குறையும் இல்லை! அது போய்ச் சேர்ந்த இடத்திலும் அதன் மேல் ஓட வேண்டிய வண்டிகளிலும்தான் குறை.

ஆண்டுக்கு 20 லட்சம் டன் கொண்டுபோகத் திட்டமிட்ட பாதை அது. நல்ல வருடங்களிலேயே 12 லட்சத்தை ஒட்டித்தான் ஓடியது. 2014-15-இல் 1 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை.

இதுவரை பார்த்தது: வழிக்கு உரிமை இருந்தாலும் வழியின் நிலைமை அடுத்தவர் கையில் இருக்கிறது. பாதை நன்றாக இருந்தும் சரக்கு நிற்கலாம். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

## பாதை அகலம்: கேஜ்

இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் கேஜ். இது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காலனி ஆட்சிக் காலத்தில் ஒவ்வொரு ஆட்சியும் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குப் போட்டதால், தென் ஆப்பிரிக்கப் பகுதியில் 1,067 மி.மீ., கிழக்கு ஆப்பிரிக்காவில் 1,000 மி.மீ. என்று ஆகிவிட்டது. 67 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் ஒரு பாதையின் வேகன் இன்னொரு பாதையில் ஏறாது. எல்லாச் சரக்கையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

சீனர்கள் தங்கள் நாட்டில் பயன்படுத்துவது 1,435 மி.மீ. ஆனாலும் டாசாராவைச் சாம்பியாவின் பழைய பாதைக்குப் பொருந்தும்படி 1,067-இல் போட்டார்கள். நல்ல முடிவு, சாம்பியாவின் சுரங்கப் பகுதியிலிருந்து ஏற்றிய வேகன் அப்படியே கடல்வரை போகலாம். ஆனால் தான்சானியாவின் பழைய பாதையோ 1,000 மி.மீ. இப்போது 2024-இல் தான்சானியா தார் எஸ் சலாமிலிருந்து தலைநகர் டொடோமாவுக்கு 1,435 மி.மீ. அகலத்தில் புதிய மின்சார ரயிலையும் விட்டிருக்கிறது. ஆக, ஒரே துறைமுக நகரத்தில் மூன்று அகலத்தில் ரயில் பாதைகள்! வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று சேருகிற கோடுகள்.

கேஜைப் பற்றி இவ்வளவு போதும். பலரும் இதுதான் தலையாய பிரச்சினை என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கன்டெய்னர் சரக்கு என்றால் கிரேன் வைத்துச் சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அடுத்த இரண்டும்தான் உண்மையான கழுத்தறுப்பு.

## அச்சுச் சுமை

ஒரு வேகனில் பொதுவாக நான்கு ஜோடிச் சக்கரங்கள். ஒவ்வொரு ஜோடியையும் இணைக்கும் இரும்புத் தண்டுதான் அச்சு. ஓர் அச்சு வழியாகப் பாதை எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது அச்சுச் சுமை. தண்டவாளத்தின் கனம், அதற்கடியில் ஸ்லீப்பர் கட்டைகளின் நிலைமை, ஜல்லியின் ஆழம், பாலங்களின் பலம் எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக மட்டும். அச்சுக்கு 20 டன் தாங்கும் பாதை என்றால் நான்கு அச்சுக்கு 80 டன். வேகனின் சொந்த எடை 20 டன் போக, 60 டன் சரக்கு ஏற்றலாம். சரி, 1,860 கிலோமீட்டரையும் இப்படிப் புதுப்பித்துவிட்டு, வழியில் ஒரே ஒரு பழைய பாலம் மட்டும் அச்சுக்கு 15 டன்தான் தாங்கும் என்று விட்டுவிட்டால்? மொத்தம் 60 டன், வேகன் எடை போக 40 டன். ஒவ்வொரு வேகனிலும் மூன்றில் ஒரு பங்கு சரக்கு போச்சு, மீதி 1,859 கிலோமீட்டரில் போட்ட பணமும் அந்த அளவுக்கு வீண்.

எல்லை தாண்டிய பாதையில் இது ரொம்பச் சகஜம். ஏனென்றால் அந்தப் பாலம் பெரும்பாலும் இன்னொரு நாட்டில் இருக்கும். அந்த நாட்டுக்கு அந்தப் பாலம் அவ்வளவு முக்கியமாகவும் இருக்காது.

லொபிட்டோ பாதையில் நடந்தது இதற்கு நெருக்கமான ஒன்று. 2002-இல் போர் முடிந்ததும், கண்ணிவெடிகளை அகற்றி, சீன நிறுவனம் அங்கோலாவுக்குள் கடற்கரையிலிருந்து காங்கோ எல்லைவரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் பாதையை 2014 வாக்கில் புதிதாகக் கட்டி முடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குள் கொல்வேசி சுரங்கங்களுக்குப் போகும் பாதை அதே பழைய நிலைமையில் கிடந்தது. செம்பு அங்கேதான் இருக்கிறது. அழகான புதுப் பாதை, பல வருடம் சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றுமதிச் சரக்கு இல்லாமலே கிடந்தது.

## ஓடும் நேரம், நிற்கும் நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

1,860 கிலோமீட்டரைச் சரக்கு ரயில் சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 47 மணி நேரத்தில் முடித்துவிடும், இரண்டு நாள். பாதை மோசமாகி வேகம் பாதியானாலும் நான்கு நாள். அப்படியிருக்க ஒரு வேகன் போய்த் திரும்ப ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? ஓடுகிற நேரத்தைவிட நின்றுகொண்டிருக்கிற நேரம் பல மடங்கு அதிகம், அதனால்தான்.

எங்கெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். சுரங்கத்தில் ஏற்றியதும் இழுக்க இன்ஜின் கிடைக்கவில்லை, நிற்கிறது. ஒரு ரயில் நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில் (சாம்பியாவில் அது கபிரி ம்போஷி) பிரேக், சக்கரம், சரக்கின் சீல் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்தாக வேண்டும், நிற்கிறது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட நிற்கிறது. முன்னால் ஒரு வண்டி தடம்புரண்டால் எல்லாமே நிற்கிறது, தூக்கி நிறுத்தும் கிரேன் எங்கோ தூரத்திலிருந்து வர வேண்டும். எல்லையில் சுங்கத் தாள்கள். துறைமுகத்தில் கப்பல் வரவில்லை, கப்பல் வந்தால் இறக்க ஆளில்லை.

சுங்கத்தில் ஏன் நிற்கிறது என்று கேட்கலாம், வரிதான் கிடையாதே. வழிவிடும் நாட்டுக்கு ஒரு நியாயமான பயம்: "வழியாகப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்த சரக்கை நடுவழியில் இறக்கி, வரி கட்டாமல் உள்ளூரில் விற்றுவிட்டால்? அதற்காக அந்த வரிக்கு ஈடான தொகைக்கு ஓர் உத்தரவாதம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதைப் பிணைத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு நாட்டை விட்டு வெளியேறியது என்று உறுதியான பிறகுதான் விடுவிப்பார்கள். உறுதிசெய்யும் தாள் தாமதமானால் வியாபாரியின் பணம் அங்கேயே முடங்கிக் கிடக்கும். இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே முறையில் சோதித்து அனுப்பினால் இந்த நேரம் நன்றாகக் குறையும். சாம்பியா–ஜிம்பாப்வே சாலை எல்லையில் சிருண்டு என்ற இடத்தில் 2009-இல் அப்படி ஒரு கூட்டுச் சோதனைச் சாவடி வந்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல்.

சரி, நின்றால் என்ன, கடைசியில் போய்ச் சேருகிறதே என்று தோன்றலாம். அதற்கும் ஒரு கணக்கு. ஒரு வேகன் சரக்கு ஏற்றி, போய், இறக்கி, திரும்பி வந்து, அடுத்த சரக்கை ஏற்றத் தயாராகும்வரை ஆகும் காலத்தைச் சுற்று நேரம் என்போம். உங்களிடம் 600 வேகன், ஒவ்வொன்றிலும் 60 டன். சுற்று நேரம் 20 நாள் என்றால் வருடத்துக்கு 18 சுற்று, ஏறத்தாழ 6,50,000 டன். சுற்று நேரம் 40 நாளானால் 9 சுற்று, 3,24,000 டன். அதே தண்டவாளம், அதே வேகன்கள், அதே சம்பளப் பட்டியல், வருமானம் மட்டும் பாதி.

இப்போது பாதையைப் புதுப்பித்து ஓடும் நேரத்தில் போகவர இரண்டு இரண்டு நாள் மிச்சப்படுத்தினீர்கள் என்று வையுங்கள். 40 நாள் 36 ஆகும். எல்லையிலும் துறைமுகத்திலும் இன்ஜின் இல்லாமலும் நிற்கும் நேரத்தைப் பாதியாக்கினால் 40 நாள் இருபதுக்குப் பக்கத்தில் வரும். எதற்கு அதிகச் செலவு, எதை அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க முடியும் என்று யோசித்தால், ஏன் எப்போதும் முதலாவதே நடக்கிறது என்பது தானாகவே புரியும்.

அதற்காகத் தண்டவாளத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தடம்புரளும் பாதையில் நாள் சொல்லிச் சரக்கு அனுப்ப முடியாது. செம்பு வாங்குபவருக்கு வேகத்தைவிட நிச்சயம் முக்கியம். ஒவ்வொரு தடவையும் 12 நாளில் வரும் என்பது, சில சமயம் 6 நாள் சில சமயம் 30 நாள் என்பதைவிட எவ்வளவோ மேல்.

சுருக்கமாக: பாதையின் திறனை அதன் நீளத்தையோ வேகத்தையோ வைத்து அளக்க முடியாது. அச்சுச் சுமையில் மிகப் பலவீனமான இடமும், வேகனின் சுற்று நேரமும் சேர்ந்துதான் எத்தனை டன் என்பதை முடிவு செய்கின்றன.

## ரிட்டர்ன் லோடு

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். போகும்போது சரக்கு, வரும்போது காலி என்றால் இரண்டு வழிச் செலவும் ஒரு வழிச் சரக்கின் தலையில் விழும். சாம்பியாவிலிருந்து செம்பு போகிறது, திரும்பி வர உரமும் இயந்திரமும் உண்டு. ஆனால் செம்புத் தகடுகளுக்குத் திறந்த வேகன் போதும், உரத்துக்கு மூடிய வேகன் வேண்டும். வருகிற சரக்கில் பெரிய பங்காக இருந்திருக்கக்கூடிய எரிபொருளோ 1968 முதல் தார் எஸ் சலாமிலிருந்து வரும் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது.

## லாரி ஏன் ஜெயிக்கிறது?

டன்னுக்கு டன் பார்த்தால் நீண்ட தூரத்துக்கு ரயில் மலிவு. ஒரு சரக்கு ரயில் பல டஜன் லாரிகளின் வேலையைச் செய்யும், டீசலும் குறைவு. இருந்தும் சாம்பியாவின் செம்பில் பெரும்பகுதி லாரியில் போகிறது, எல்லைகளில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கின்றன.

காரணம், ரயில் நிறுவனம் தன் பாதையைத் தன் வருமானத்தில் பராமரிக்க வேண்டும். லாரிக்காரர் ஓட்டுகிற சாலையை அரசு பராமரிக்கிறது, அவர் கட்டும் வரியும் சுங்கக் கட்டணமும் கனரக வண்டி சாலைக்குச் செய்யும் சேதத்துக்கு ஈடாவதில்லை. சரக்கு கொஞ்சம் லாரிக்குப் போனால் ரயிலின் வருமானம் குறைகிறது, வருமானம் குறைந்தால் பராமரிப்பை ஒத்திப்போடுகிறார்கள், ஒத்திப்போட்டால் பலவீனமான இடங்களில் மெதுவாகப் போகச் சொல்லி உத்தரவு, இன்ஜின்கள் ஷெட்டில், சுற்று நேரம் நீளுகிறது, மிச்சமிருந்த வியாபாரியும் லாரிக்கு மாறுகிறார். ஊழியர்களின் சம்பளம் மட்டும் குறையாத செலவாக நிற்கிறது, ஒரு கட்டத்தில் அதுவும் பாக்கி.

சாம்பியா இதை உத்தரவு போட்டு மாற்றப் பார்த்தது. கனமான சரக்கில் 30 சதவீதம் ரயிலில்தான் போக வேண்டும் என்று 2018-இல் ஒரு விதி. எல்லாவற்றையும் ஏற்றத் தேவையான இன்ஜினும் வேகனும் இல்லாத ரயிலுக்குச் சரக்கைக் கட்டாயப்படுத்தி அனுப்பி என்ன செய்வது? தனியாரிடம் கொடுத்தும் பார்த்தார்கள். உள்நாட்டுப் பாதையை 2003-இல் 20 வருடக் குத்தகைக்கு விட்டு, முதலீடு போதவில்லை என்று 2012-இல் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகை என்பது இங்கே, பாதை அரசின் சொத்தாகவே இருக்க, அதை ஓட்டிச் சம்பாதிக்கவும் பராமரிக்கவும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது. அது கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வருடத்துக்கு எவ்வளவு பணத்தைப் பாதையில் திரும்பப் போட வேண்டும், போடாவிட்டால் என்ன என்பதைத் தெளிவாக எழுதாமல் விடுவது.

## இப்போது நடப்பது

இரண்டு பெரிய முயற்சிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மேற்கே, அங்கோலாவின் பாதையை ஓர் ஐரோப்பியக் கூட்டு நிறுவனம் 30 வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது, அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 55 கோடி டாலருக்கு மேல் கடன் தர ஒப்புக்கொண்டது, 2024 டிசம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனே லொபிட்டோவுக்குப் போய் வந்தார். கொல்வேசியிலிருந்து ஏற்றிய சோதனைச் செம்பு 2023 கடைசியில் 8 நாளில் லொபிட்டோவை அடைந்தது. பழைய காங்கோ பாதையின் மீதே! நிற்கும் நேரத்தை ஒழுங்காகக் கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சோதனை வண்டிக்குக் கிடைத்த கவனிப்பு தினசரி வண்டிக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

கிழக்கே, டாசாராவை ஒரு சீன அரசு நிறுவனத்துக்கு 30 வருடக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தம் 2025-இல் கையெழுத்தானது, ஏறத்தாழ 140 கோடி டாலர். இதில் நான் கவனித்தது, பணம் முழுவதும் பாதைக்குப் போகவில்லை, ஒரு பங்கு புதிய இன்ஜின்களுக்கும் வேகன்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1978-இல் எது இல்லாமல் கவுண்டா பகை நாட்டு வழியைத் திறக்க நேர்ந்ததோ, அதற்கு.

எல்லாப் புதுப்பித்தலும் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உக்ரைன் போரின்போது, 2022-இல், கடற்கரை இல்லாத மால்டோவாவையும் உக்ரைனின் தென்பகுதியையும் இணைக்கும், 20 வருடங்களுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்த சுமார் 22 கிலோமீட்டர்ப் பாதையைச் சில மாதங்களில் சரிசெய்து திறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கேஜ், இரண்டு பக்கமும் ஓடுகிற ரயில்கள், காத்துக்கொண்டிருந்த சரக்கு. அந்த மூன்றும் ஏற்கெனவே இருந்ததால்தான் 22 கிலோமீட்டர் போதுமானதாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் எத்தியோப்பியாவைப் பாருங்கள், ஜிபூத்தி துறைமுகத்துக்குப் போகும் நூறு வருடப் பழைய மீட்டர் கேஜ் பாதையைத் தேற்றவே முடியாது என்று விட்டுவிட்டு, 1,435 மி.மீ. அகலத்தில் 700 கிலோமீட்டருக்கு மேல் புதிதாகவே போட்டார்கள்.

சாம்பியாவின் கதையில் இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. லொபிட்டோ பாதையைச் சாம்பியாவோடு நேராக இணைக்க, அங்கோலாவின் லுவகானோவிலிருந்து சாம்பியாவின் சிங்கோலாவரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் புதுப் பாதை போடும் திட்டமும் இருக்கிறது. இரண்டு வழி இருந்தால் எந்த அண்டை நாடும் கேட்டைப் பூட்டி மிரட்ட முடியாது, 1973-இலும் 1975-இலும் பட்ட நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பாதை பிழைக்க டன் வேண்டும். கிழக்கே போகும் ரயிலும் மேற்கே போகும் ரயிலும் பங்கு கேட்பது ஒரே செம்பை, லாரிகளும் அதே செம்பைத்தான் கேட்கின்றன. சுரங்க உற்பத்தி அதற்கு ஏற்ற வேகத்தில் வளரவில்லை என்றால், இரண்டு பாதைகளில் ஏதாவது ஒன்று மறுபடி பராமரிப்பை ஒத்திப்போடத் தொடங்கும்.